நாலு விரல் இடைவெளி

ஆம்புலன்சின் பின்கதவைத் திறந்து நாலு பேர் ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தபோது அல்போன்சா தன் புருஷனைப் பார்க்கவில்லை. ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே வந்து சந்து முனையில் நின்ற வெள்ளைக் காரைத்தான் பார்த்தாள். நேற்று முழுக்க சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்றிருந்த கார் அது. பக்கத்து வீட்டு முருகேசன் இப்போதுதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். கண்ணாடிகள் நான்கும் கீழே இறங்கியிருந்தன.

அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஓட்டி வந்தவன் இறக்கியிருப்பான். அதிலிருந்து என்ன தெரியும்?

“அடியே அல்போன்சா, ஒம் புருஷன் வந்திருக்கான். அங்க என்னத்தப் பராக்குப் பாக்குற?” என்று நாத்தனார் சவேரியம்மாள் கத்தினாள். கத்திவிட்டுத் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். “சேசுவே, எந்தம்பிய இப்பிடியா கொண்டாந்து போடுவ?”

மேட்டுப்பட்டியில் பாதித் தெரு வாசலில் நின்றது. ஃப்ரீசர் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். தலைமாட்டில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். நாலு மணிக்குக் கோயிலில் பூசை, அதன் பிறகு கல்லறைத் தோட்டம் என்று யாரோ அறிவித்தார்கள். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து மணி நேரம் இந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு.

சிலுவைமுத்து முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா கிடந்தாரா என்றால் அதுதான் இல்லை. பழைய கார் ஒன்றை வாங்கினார். கண்ணாடி ஜாடி, பித்தளை அண்டா, ஊதுபத்திக் கட்டு எல்லாவற்றையும் அதில் அடைத்துக்கொண்டு நத்தம், வேடசந்தூர், சாணார்பட்டி என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போக ஆரம்பித்தார். மேகம் எப்படி உண்டாகிறது, மழை எப்படி விழுகிறது என்று பிள்ளைகள் கண் முன்னால் செய்து காட்டுவார். ஜாடியில் வெந்நீரை ஊற்றி, அதன் வாயில் ஐஸ் தட்டை வைத்து, இடுக்கு வழியாகக் கொஞ்சம் ஊதுபத்திப் புகையை விட்டால் உள்ளே குட்டி மேகம் ஒன்று உருளும். “தூசி இல்லாட்டி மேகமே இல்ல. தூசியப் புடிச்சுத்தான் தண்ணி தொங்கும்” என்பார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர்களுக்கு அவர் சிலுவைமுத்து. பிள்ளைகளுக்கு மேக சார்.

கடைசி ஐட்டம் உலர்பனி. ஐஸ்கிரீம் கம்பெனியில் சொல்லிவைத்து வாங்கி வருவார். அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அந்தக் கட்டியைப் போட்டால் வெள்ளை வெளேரென்று மூடுபனி பொங்கி, மேசையிலிருந்து வழிந்து, தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் காலை மூடும். “கொடைக்கானல் வந்துருச்சுடோய்!” என்று ஏதாவது ஒன்று கத்தும். அந்தக் கூச்சலுக்காகவே அவர் போனார் என்று அல்போன்சாவுக்குத் தெரியும். அவளும் நாலைந்து தடவை கூடப் போய்ப் பார்த்திருக்கிறாள்.

ஆனால் உலர்பனி தண்ணீர் உறைந்த கட்டி இல்லை. கரியமில வாயு உறைந்த கட்டி. உருகித் தண்ணீராக வழியாது, வாயுவாகவே கிளம்பிக்கொண்டிருக்கும். அடைத்த இடத்தில் இருந்தால் ஆளை மயக்கிவிடும். அதனால் அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். அந்தத் தெர்மாகோல் பெட்டி காரில் இருக்கிற வரைக்கும் பின்கண்ணாடி இரண்டும் நாலு விரல் இறங்கியிருக்க வேண்டும். கட்டை விரலை மடக்கி, மிச்ச விரலை இடைவெளிக்குள் வைத்து அளந்துதான் விடுவார். அவள் கேலி செய்வாள். “ரவிக்கைக்கு அளவெடுக்கிற எனக்கே டேப்பு வேணும். ஒங்களுக்கு வெரலு போதுமாக்கும்.”

நேற்றுக் காலையில் தூறல். காரின் பின்சீட்டில் அவள் தைத்த யூனிஃபார்ம் கட்டு இருந்தது. போகிற வழியில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் இறக்கிவிடச் சொல்லியிருந்தாள். டிபன் பாக்சை வைக்கப் போனவள் பார்த்தால் அந்த நாலு விரல் வழியாகச் சாரல் அடித்து மேல் துணி நனைந்திருக்கிறது. சடசடவென்று கைப்பிடியைச் சுற்றி இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டாள். அவர் உள்ளே சட்டை போட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வாசல்படி ஏறினாள். அதற்குள் குக்கர் விசிலடித்தது. சோற்றை இறக்கிவைத்துவிட்டு வந்தபோது கார் சந்தைத் தாண்டிவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது. அதை நேற்றிலிருந்து நூறு தடவை நடத்திப் பார்த்துவிட்டாள். ஓட்டும்போது டிரைவர் பக்கத்துக் கண்ணாடி திறந்திருக்கும், அதனால் போகிற வழியில் ஒன்றும் ஆகியிருக்காது. நிறுத்திய பிறகு? பின்னால் இரண்டும் திறந்துதான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் முன்னால் இருப்பதை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே கண் அசந்திருப்பார்.

அல்லது திரும்பிப் பார்த்து இறக்கியிருக்கலாம். யூனிஃபார்ம் கட்டை எடுக்கும்போது பார்த்திருக்க வேண்டுமே. பார்த்திருப்பாரா?

மகன் ரோஹித் ஓசூரிலிருந்து விடியக்காலை வந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனவன். பக்கத்தில் வந்து குந்தினான். “டாக்டர் நுஸைபா மேடம் நல்லா பேசுனாங்கம்மா. கரியமில வாயு கார் பூராவும் நெறஞ்சிருக்கும், தூக்கத்துலேயே போயிருப்பாரு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனே தொடர்ந்தான். “கண்ணாடியெல்லாம் மூடியிருந்துச்சான்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்?”

அல்போன்சா வாயைத் திறந்தாள். “சாப்டியாப்பா?” என்றுதான் வந்தது.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு பங்கு அழுவார்கள், மூன்று பங்கு விசாரிப்பார்கள். எப்படி, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, கடைசியாக என்ன சாப்பிட்டார்? எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தது. அம்புட்டும் தெரிஞ்ச மனுஷன் எப்பிடிக் கண்ணாடிய மூடிக்கிட்டு உக்காருவாரு?

“யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் ஒரு பெரியவர்.

“எந்தம்பிக்குச் சறுக்காது,” என்று சவேரியம்மாள் சிலிர்த்துக்கொண்டாள். “அடுப்ப அணைச்சிட்டு மூணு தடவ திருகிப் பாக்கிற பய அவன். இதுல ஏதோ நடந்திருக்கு. எனக்கு மனசு ஆறல. யாரு செஞ்சாலும் அவுக நல்லா இருக்கமாட்டாக, ஆமா.”

அல்போன்சா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் துக்கம் என்று நினைத்திருப்பார்கள். துக்கம் வருவதற்கு இடமே இல்லாமல் நெஞ்சு முழுக்கப் பயம்தான் இருந்தது. நாத்தனாரிடம் சொன்னால் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதையாவது காதில் வாங்காமல் இருந்துவிடலாம். மகனிடம் சொன்னால் அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். அதைத்தான் தாங்க முடியாது.

ஒரு மணி வாக்கில் முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து, கொல்லைப்புறமாகச் சுற்றிச் சந்துக்கு வந்தாள். முருகேசன் காருக்குப் பக்கத்தில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

“முருகேசா, நீ எடுக்கப் போனப்ப காரு எப்பிடி இருந்துச்சு?”

“எப்பிடின்னா? நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. சாவிய வாட்ச்மேன் வெச்சிருந்தான்.”

“கண்ணாடி எல்லாம்?”

“நாலு கதவும் தொறந்து போட்டிருந்தாங்க. உள்ள ஈரவாட. கண்ணாடிய எறக்கிவிட்டுத்தான் எடுத்தேன்.”

“நாலையும் நீதான் எறக்குனியா? இல்ல, பின்னால ஏற்கெனவே எறங்கியிருந்துச்சா?”

முருகேசன் யோசித்தான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன். “கவனிக்கலையேக்கா. கை பாட்டுக்குச் சுத்துச்சு. ஏன், எதுனா காணோமா?”

“ஒண்ணுமில்லப்பா.”

பின்கதவைத் திறந்து பார்த்தாள். யூனிஃபார்ம் கட்டு இல்லை, கடையில் கொடுத்திருக்கிறார். கைப்பிடியைப் பிடித்து அரைச் சுற்று சுற்றினாள். கண்ணாடி கொஞ்சம் ஏறியது. மறுபடி இறக்கினாள். இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் கைக்கு ஒரே வேலைதான். இந்தக் கையா, அந்தக் கையா என்று கண்ணாடி சொல்லுமா?

“அம்மா, இங்க என்ன பண்ற?” ரோஹித் பின்னால் நின்றான்.

“சும்மாதான்.”

“வா உள்ள. அந்த ஸ்கூல்ல இருந்து வாராங்களாம். வரட்டும். நூத்துச் சொச்சம் பேரு இருக்கிற எடத்துல எங்கப்பா மூச்சு முட்டிக் கெடந்திருக்காரு, ஒருத்தருக்கும் தெரியலன்னா என்ன அர்த்தம்? அந்த ஹெட்மிஸ்ட்ரஸக் கேக்காம விடமாட்டேன்.”

“அவங்க என்னப்பா செய்வாங்க?”

“பின்ன யாரக் கேக்கச் சொல்ற?”

அவள் அவனைத் தாண்டி வேகமாக நடந்தாள். அவ்வளவு தூரம் போய்க் கேட்க வேண்டியதில்லைடா மகனே, ஆள் இங்கேயேதான் இருக்கிறாள் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். அவர்கள் வந்தால் தெரிந்துவிடும். வராமல் இருந்தால் நல்லது. வந்தாலும் நல்லதுதான், இப்படி வெந்துகொண்டு கிடப்பதற்கு.

இரண்டரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. வானம் சிறுமலைப் பக்கம் கருத்துக் கிடந்தது. தலைமையாசிரியை சண்முகவள்ளி முதலில் இறங்கினாள். ஒல்லியான அம்மாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பின்னால் எட்டுப் பிள்ளைகள் யூனிஃபார்மோடு வரிசையாக இறங்கின. முன்னால் வந்த இரண்டு பிள்ளைகள் கையில் ரோஜா மாலை.

ரோஹித் வாசலிலேயே மறித்தான். “மேடம், ஒரு நிமிஷம்.”

“ரோஹித்,” என்றாள் அல்போன்சா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “பிள்ளைங்க நிக்குது. மொதல்ல மாலையப் போடட்டும்.”

மாலை போட்டார்கள். பிள்ளைகள் மேக சாரைக் கண்ணாடிக்குள் பார்த்தார்கள். மூக்கில் பஞ்சு வைத்திருப்பதைப் பார்த்து ஒன்று விம்ம, மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. சண்முகவள்ளி வந்து அல்போன்சாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“எப்பிடிச் சொல்றதுன்னே தெரியலம்மா. காலையில அவ்வளவு நல்லா பண்ணுனாரு. சாப்பாட்டு நேரத்துல மழை கொட்டுச்சு. காருக்குள்ள உக்காந்துதான் சாப்பிட்டாரு. என் ரூமுக்கு வாங்க சார்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். பெட்டிய விட்டுட்டு வரமுடியாது, பிள்ளைங்க கைய வெச்சிரும்னு சொல்லிட்டாரு. ரெண்டேகாலுக்கு அடுத்த ஷோ. மணியடிச்சும் வரல. போயி கண்ணாடியத் தட்டுறேன், எந்திரிக்கல…”

“கண்ணாடி,” என்றாள் அல்போன்சா. “பின்கண்ணாடி எப்பிடி இருந்துச்சு?”

“நாலும் ஏத்தித்தாம்மா இருந்துச்சு.”

“பின்னால ரெண்டுமா?”

“ரெண்டும் இறுக்கி மூடியிருந்துச்சு. நான்தான் கதவத் தொறந்தேன்.”

அவளுக்குக் காதை அடைத்தது. இருபத்து நாலு மணி நேரமாகத் தேடியது கையில் கிடைத்துவிட்டது. குக்கர் விசிலும், சாரலும், அந்தக் கைப்பிடியின் மூன்று சுற்றும். கொன்னுட்டேன், மாதாவே, நானே கொன்னுட்டேன். சுவரைப் பிடித்துச் சரிந்தாள். யாரோ தாங்கி உட்காரவைத்தார்கள். குளுக்கோஸ் கலந்த கண்ணாடி டம்ளரைக் கையில் திணித்தார்கள். “காலையிலருந்து வெறும் வயிறு, பின்ன மயக்கம் வராம என்ன செய்யும்?” என்று ஒரு குரல் திட்டியது.

சண்முகவள்ளி வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “தமிழ்நிலா, வா இங்க. வந்து சாரக் கும்பிட்டுட்டுப் போ.”

வேனுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்பிள்ளை நின்றது. நாலாம் வகுப்பு இருக்கும். ரெட்டைச் சடை. வலது கையின் இரண்டு விரல்களில் துணிக்கட்டு.

“நேத்துலருந்து வாயில ஒண்ணும் வைக்கலையாம்மா. அவங்க ஆத்தா காலையில வந்து எங்கிட்ட அழுகுது. சாரப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னு வந்துச்சு. வந்த பெறகு கிட்ட வரமாட்டேங்குது. என்னன்னு கேட்டாலும் சொல்லமாட்டேங்குது.”

பிள்ளை மெதுவாக வந்தது. பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அல்போன்சாவிடம் வந்து, இரண்டடி தள்ளி நின்றது. அந்த நிலையிலும் அவள் கேட்டாள், பழக்க தோஷம்.

“கையில என்ன தாயி?”

“சுட்டுருச்சு.”

“எது சுட்டுச்சு?”

“ஐஸ்.”

உலர்பனி அப்படித்தான், தொட்டால் நெருப்புப் போலக் கொப்பளிக்கும். அல்போன்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எப்பத் தொட்ட?”

பிள்ளை சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கியது. “சோத்து மணியில, மழைக்கு முந்தி. பின்னாடி கண்ணாடி கொஞ்சமாத் தொறந்திருந்துச்சு. கைய உள்ள விட்டு மூடியத் தள்ளி ஒரு கட்டிய எடுத்தேன். எந்தம்பிக்குக் காமிக்கலாம்னு. சுட்டுருச்சு. சார் ஓடியாந்து தண்ணிக் குழாயில புடிச்சாரு. திட்டக்கூட இல்ல. பெறகு எல்லாப் பயலும் கைய விட வந்தாய்ங்க. அதான் சார் கண்ணாடிய ஏத்திட்டாரு. மணியடிக்கிற வரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாதுன்னாரு.” உதடு கோணியது. “நான் கைய விடாட்டி அவரு ஏத்தியிருக்கமாட்டாரு.”

திறந்திருந்தது.

அல்போன்சாவுக்கு உடம்பிலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. திறந்திருந்தது! அவர் பார்த்திருக்கிறார். பார்த்து, நாலு விரல் வைத்து அளந்து, இறக்கியிருக்கிறார். அப்பாடா. நான் இல்லை. நான் இல்லவே இல்லை. எழுந்து ரோஹித்தைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும் போல இருந்தது. நேற்றிலிருந்து முதல் தடவையாக முழு மூச்சு விட்டாள். விட்டவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். காலையில் கண்ணாடியில் பார்த்த முகம். தனக்காவது ஐம்பத்து மூன்று வயது. இதற்கு ஒன்பது இருக்குமா?

“அதில்ல தாயி,” என்றாள். “நீ எந்தப் பக்கம் கைய விட்ட?”

“புளியமரத்துப் பக்கம்.”

“அந்தப் பக்கந்தான் தொறந்திருந்துச்சு. இன்னொரு பக்கம் தொறந்திருந்தத நீ பாத்தியா?”

பிள்ளை யோசித்தது. “பாக்கல.”

“அது மூடியிருந்துச்சு. நான்தான் மூடினேன். நேத்துக் காலையில, மழைக்கு. அவருகிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ஒப்பாரி ஓய்ந்திருந்த நேரம் அது. வீட்டில் ஃப்ரீசர் பெட்டியின் இரைச்சல் தவிர வேறு சத்தமில்லை. சவேரியம்மாள் தலையைத் தூக்கினாள்.

“ஆனா எம் பக்கம் தொறந்திருந்தா காத்து போயிருக்கும்ல?” என்றது பிள்ளை.

“போயிருக்காது. ரெண்டு பக்கமும் தொறந்திருந்தாத்தான் காத்து ஓடும்.”

“நீங்க செஞ்சு பாத்தீங்களா?”

சொன்னதை நம்பாதே, செய்து பார் என்று ஊர் ஊராகச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுத்து வைத்திருந்தார் மனுஷன். அல்போன்சா டம்ளரில் மிச்சமிருந்த குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துப் பெட்டியின் தலைமாட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே முக்காலியில் ஒரு சாசருக்குள் மெழுகுவர்த்தி எரிந்து கட்டையாகியிருந்தது. உடலை எடுக்கிற வரைக்கும் அது அணையக் கூடாது.

“இந்தத் திரிதான் சாருன்னு வெச்சுக்க. இந்த டம்ளரு காரு.”

டம்ளரைக் கவிழ்த்து மெழுகுவர்த்திக்கு மேல் வைத்தாள். ஒரு பக்க விளிம்பை மட்டும் விரலால் தூக்கிப் பிடித்தாள். “இது நீ கைய விட்ட பக்கம். தொறந்துதான் இருக்கு. பாத்துக்கிட்டே இரு.”

“ஏய், என்னடி பண்ற?” என்றாள் சவேரியம்மாள்.

சுடர் எரிந்தது. டம்ளரின் சூடு விரலில் ஏறியது. சுடர் கொஞ்சம் குனிந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது. பிள்ளை மூச்சுவிடாமல் பார்த்தது. எரிந்துகொண்டே இருந்தால்? ஒரு பக்கம் போதும், உன் பக்கம் திறந்திருந்தால் சார் பிழைத்திருப்பார் என்று ஆகிவிடும். அணைஞ்சுரு, அணைஞ்சுரு என்று அல்போன்சா வேண்டினாள். புருஷன் தலைமாட்டு வெளிச்சம் அணைய வேண்டும் என்று எந்தப் பெண்டாட்டியாவது மாதாவிடம் வேண்டியிருப்பாளா? விரல் வெந்தது. எடுக்கவில்லை.

சுடர் நீலமாகிச் சுருங்கியது. அணைந்தது. டம்ளருக்குள் புகை சுழன்றது.

“பாத்தியா?”

பிள்ளை தலையாட்டியது.

“ஒம் பக்கம் தொறந்திருந்தாலும் இதேதான். நான் மூடுனதுதான் காரணம். நீ இல்ல. வெளங்குதா?”

“ம்.”

மெழுகுவர்த்தியும் காரும் ஒன்றா என்று அவர் இருந்தால் முதல் ஆளாகக் கேட்டிருப்பார். இப்படி ஒரு அரைகுறைச் சோதனையைப் பிள்ளைகளுக்கு அவர் காட்டியதே இல்லை. ஒரு பக்கத்தைப் பார்த்து இறக்கியவர் மறுபக்கத்தை இறக்காமலா இருந்திருப்பார்? இருக்கமாட்டார். ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. சொன்னது பொய்தானா என்று அல்போன்சாவுக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.

“அடிப்பாவி,” என்றாள் சவேரியம்மாள். முதலில் மெழுகுவர்த்தியைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்புறம் அவளுக்குக் கேட்டதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. “நீயா? நீயாடி மூடுன?”

“ஆமா மதினி.”

“நேத்துலருந்து வாயத் தொறக்காம உக்காந்திருந்தியே, நெஞ்சழுத்தக்காரி. எந்தம்பியத் தின்னுட்டு…” மிச்சத்தைச் சொல்லவிடாமல் இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரோஹித் கதவோரமாக நின்றான். அம்மாவைப் பார்த்தான். அவள் எதிர்பார்த்தபடியே ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒன்றும் கிடைக்காமல், முருகேசனிடம் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்து மெழுகுவர்த்தியை ஏற்றினான். அவளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனான். அவள் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? அந்தப் பிள்ளை இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

சண்முகவள்ளி ஒன்றும் புரியாமலோ, எல்லாம் புரிந்தோ, பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “வா தமிழு, போவோம்” என்றாள். தமிழ்நிலா இரண்டடி போய், நின்று, பெட்டிப் பக்கம் திரும்பிக் கைகூப்பியது.

மூன்றரைக்குக் கோயில் மணி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். சவப்பெட்டியைத் தூக்கினார்கள். வழக்கமாக நாத்தனார்தான் கைத்தாங்கலாகப் பக்கத்தில் வருவாள். சவேரியம்மாள் பெட்டியின் அந்தப் பக்கம் போய்விட்டாள். மற்ற பெண்கள் அவளைப் பார்ப்பதா இவளைப் பார்ப்பதா என்று தயங்கினார்கள். தயக்கத்தில் யாரும் வரவில்லை. அல்போன்சா தனியாகவே வாசல் இறங்கினாள். அப்போதுதான் அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராதது, தொண்டையைக் கிழித்துக்கொண்டு, பேர் சொல்லி வந்தது.

சந்து முனையில் டீக்காரன் கேனை வைத்துக்கொண்டு, வேனில் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். பெட்டி வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் காகிதக் கப்புகளோடு சுவரோரம் ஒதுங்கின. தமிழ்நிலா கட்டுப்போட்ட கையால் பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்றாள். தின்று முடித்து, இரண்டாவது பன்னுக்குக் கை நீட்டினாள்.